ஊர் வரலாறு எழுதுவோர் சான்றுகளில் தவறும் இடங்கள்

மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் கட்டுவதற்கு 2021ஆம் ஆண்டில் இடம் தேர்வானபோது, அங்கிருந்த பழைய பொதுப்பணித் துறைக் கட்டடம் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்றும், அதை இடிக்கக் கூடாது என்றும் குரல்கள் எழுந்தன. துறையின் பதிவேடுகளைப் பார்த்த மாவட்ட நிர்வாகம், அக்கட்டடத்தின் பணி 1912இல் தொடங்கி 1913இல் முடிந்ததென விளக்கியது. பென்னிகுவிக்கோ 1911ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். கட்டடம் எழுந்த ஆண்டையும் மனிதர் மறைந்த ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே தெளிந்துவிடும் செய்தி அது.

மனத்துக்கு உகந்த செய்தியைச் சோதிக்காமல் விட்டுவிடுவதையே எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். பிடிக்காத செய்தி என்றால் உடனே ஆதாரம் கேட்கிறோம். நன்றியோடு நினைக்கும் ஒருவரைப் பற்றியது என்றால் கேட்கக் கூசுகிறோம். பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது மேடைதோறும் சொல்லப்படுகிறது. ஆனால் சொல்பவர்கள் அந்தக் காலத்து ஆவணம் எதையும் காட்டுவதில்லை. 1895இல் திறக்கப்பட்ட அவ்வணை சென்னை மாகாண அரசின் செலவில் எழுந்தது. அப்பணியில் இருந்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் எழுதிய திட்ட வரலாறு இன்றும் கிடைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கும் மேலூர்ப் பக்கத்து வயல்களும் அந்தத் தண்ணீரால் பெற்ற வாழ்வு, சொத்தை விற்ற செய்தி இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கும் என்பதால், ஆதாரம் கேட்பது அவருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது.

இதோடு ஒட்டிய தவறு, பத்துப் பேர் எழுதியிருப்பதைப் பத்துச் சான்றுகள் என்று எண்ணுவது. பத்தும் ஒரே கட்டுரையைப் பார்த்து எழுதியவையாக இருந்தால் நம் கையில் இருப்பது ஒரு சான்றுதான். ஒரே எழுத்துப்பிழையோ ஒரே தவறான ஆண்டோ பல இடங்களில் தென்பட்டால் அவற்றின் மூலம் ஒன்று என்று ஐயுறலாம். விக்கிப்பீடியாவில் தேடலைத் தொடங்குவதில் குற்றமில்லை. அதன் அடிக்குறிப்பு காட்டும் நூலைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் நிறுத்துவதே குற்றம்.

ஒரு சான்று எதற்காக எழுதப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொக்கநாதரின் 64 திருவிளையாடல்களைப் பாடுவதற்கென எழுந்த பக்தி நூல். அதிலிருந்து பாண்டியர் ஆட்சி ஆண்டுகளைக் கணக்கிடுவது பொருந்தாது. ஆயினும் மதுரை மக்கள் தம் நகரை எப்படி நினைத்தார்கள் என்று அறிய விரும்புவோருக்கு அதைவிட நல்ல சான்று அரிது. ஆங்கிலேய அதிகாரிகளான நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை மேனுவல் என்ற மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட கெசட்டியர் என்ற மாவட்ட விவரச்சுவடியும் நிர்வாகத்துக்காக எழுதப்பட்டவை. வரிவிதிப்பு, பாசனம், பஞ்சம் ஆகியவற்றுக்கு அவை பெரிதும் உதவும். சாதிகளைப் பற்றிய அவற்றின் தீர்ப்புகளை அக்கால அதிகாரிகளின் பார்வையாக மட்டுமே கொள்ள வேண்டும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்வதால் ஏற்படும் குழப்பம் மிகுதி. பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்டத்தில் இராமநாதபுரமும் சிவகங்கையும் அடங்கியிருந்தன. 1910இல் இராமநாதபுரம், 1985இல் திண்டுக்கல், 1996இல் தேனி என மாவட்டம் பலமுறை பிரிந்தது. ஆகவே 2011 கணக்கெடுப்பின் 30,38,252 என்ற மக்கள்தொகையை 1981ஆம் ஆண்டு எண்ணோடு நேராக ஒப்பிட்டு வளர்ச்சி விகிதம் சொல்பவர் இரு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகிறார். கல்வெட்டில் அரசரின் ஆட்சியாண்டைச் சொல்லும் 'சுந்தரபாண்டிய தேவர்க்கு யாண்டு' என்ற தொடரைக் கண்டாலும் அவசரப்படக் கூடாது. 1216இல் ஆட்சிக்கு வந்தவர் மாறவர்மன், 1251இல் வந்தவர் சடையவர்மன். அரசனின் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதியான மெய்க்கீர்த்தியையும், மாறவர்மனுக்குரிய 'சோணாடு வழங்கியருளிய' (சோழ நாட்டைத் திருப்பித் தந்த) போன்ற அடைமொழிகளையும் கொண்டுதான் எந்தச் சுந்தரபாண்டியன் என்று பிரித்தறிய முடியும்.

எழுத்தில் இல்லாததால் பெரியவர்களின் வாய்மொழியை ஒதுக்குவதும் தவறே. கண்மாயின் எந்த மடை எந்த வயலுக்குப் பாய்ந்தது, கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே உபரிநீர் எப்போது மறுகால் போனது என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கும். ஆண்டைக் குறிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், தாது வருடம் 1876இலும் 1936இலும் 1996இலும் வந்திருக்கிறது. 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துத் தாதுவா, அவர் தாமே கண்ட தாதுவா என்று பக்குவமாகக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்வெட்டுப் பாடங்களைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் பார்க்கலாம். பாண்டியர் கல்வெட்டுகள் 14ஆம் தொகுதியில் உள்ளன. பாடம் அச்சில் இருக்கிறதே என்று கோயிலுக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். போன இடத்தில் கல் இருக்கும் சுவரே அதன் பழைய இடம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். திருப்பணியின்போது எழுத்துள்ள கற்களை மாற்றி அடுக்கிவிடுவதுண்டு. வரிகள் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொடர்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். தொடரவில்லை என்றால், மீதிக் கல் அதே கோயிலின் வேறொரு சுவரில் இருக்கக்கூடும்.