காசு கேட்காத டேட்டிங் ஆப்பைக் கண்டுபிடிப்பதும், அதில் ஏமாறாமல் இருப்பதும்

‘ஃப்ரீ டேட்டிங்’ என்று தேடினால் ஸ்டோரில் வரிசைகட்டி நிற்கிற ஆப் எல்லாமே இலவசம்தான், இறக்கிக்கொள்ளும் வரைக்கும். பெயர், வயது, படம் எல்லாம் கொடுத்து உள்ளே போய், யாரோ உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்று நோட்டிஃபிகேஷன் வந்து, ஆசையாகத் தட்டினால்தான் தெரியும், அதைப் படிக்கப் பணம் கட்ட வேண்டும் என்று. ஆகவே ஒரு ஆப் நிஜமாகவே இலவசமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: உங்களுக்கு அவரையும் அவருக்கு உங்களையும் பிடித்துவிட்டால், ரெண்டு பேரும் ஒரு காசு செலவில்லாமல் பேசிக்கொள்ள முடியுமா? முடிந்தால் சரி. யார் லைக் போட்டார் என்று முன்கூட்டியே பார்ப்பது, ப்ரொஃபைலை மேலே ஏற்றிக் காட்டுவது, தெரியாமல் தள்ளிவிட்ட ஸ்வைப்பைத் திரும்ப எடுப்பது, இவையெல்லாம் இல்லாமலே காலம் தள்ளலாம்.

இந்தக் கணக்கில் டிண்டர், பம்பிள், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் நான்குமே தேறிவிடும். நான்கிலும் மேட்ச் ஆன பிறகு, அதாவது ரெண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துவிட்ட பிறகு, பேசுவதற்குக் கட்டணம் இல்லை. ஹிஞ்சில் ஒரு நாளைக்குக் கொஞ்சம் லைக்தான் இலவசமாகக் கிடைக்கும், என்னைக் கேட்டால் அதுவும் நல்லதுக்குத்தான், கண்டபடி தள்ளிக்கொண்டே போகாமல் எழுதியிருப்பதைப் படிக்க வைக்கிறது. ஃபேஸ்புக் டேட்டிங் 2018ல் கொலம்பியாவில் தொடங்கியபோதே சந்தா இல்லாமல் வந்தது, ஆனால் எல்லா நாடுகளிலும் கிடையாது. இன்னொன்று, டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட், ப்ளென்டி ஆஃப் ஃபிஷ் எல்லாம் மேட்ச் குரூப் என்கிற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. ஒன்று பிடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினாலும் பல நேரம் அதே முதலாளியிடம்தான் இருப்பீர்கள்.

பெயர் தெரியாத புது ஆப் என்றால் இறக்குவதற்கு முன்பே ஸ்டோர் பக்கத்தில் ‘இன்-ஆப் பர்ச்சேஸ்’ என்று இருக்கிறதா, இருந்தால் விலை என்ன என்று பாருங்கள். விமர்சனங்களை நட்சத்திரம் குறைவானதிலிருந்து படியுங்கள், ஐந்து நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே போனதும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: படமும் போடாமல் ஒரு வரியும் எழுதாமல் கணக்கை அப்படியே விடுங்கள். அந்த வெற்று ப்ரொஃபைலுக்கும் லைக் மழையாகக் கொட்டி, எல்லா முகமும் மங்கலாக இருந்து, பார்க்கக் காசு கேட்டால் அங்கே இருப்பது ஆட்களா என்பதே சந்தேகம். பெரிய இடங்களும் இதில் சிக்கியிருக்கின்றன. 2019ல் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி, மேட்ச் டாட் காம் தளத்தை நடத்தும் மேட்ச் குரூப் மீது வழக்குப் போட்டது. மோசடிக் கணக்கு என்று நிறுவனமே சந்தேகப்பட்டு வைத்திருந்தவற்றிலிருந்து வந்த லைக்குகளைக் காட்டி, ஒருவர் உங்களை விரும்புகிறார் என்று மெயில் அனுப்பிச் சந்தா கட்ட வைத்தது என்பது குற்றச்சாட்டு. இந்தக் குற்றச்சாட்டை நீதிமன்றம் 2022ல் தள்ளுபடி செய்தது, வழக்கில் மீதி இருந்த குற்றச்சாட்டுகள் 2025ல் 1.4 கோடி டாலருக்குச் சமரசத்தில் முடிந்தன.

ஏழு நாள் ட்ரையல் என்று கார்டு விவரம் கேட்டால், வேண்டாம் என்று வந்துவிடுவதே மேல். மாட்டிக்கொண்டீர்கள் என்றால், ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய் நிறுத்த வேண்டும். ஐஃபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் அதே பக்கம் வரும்.

சரி, ஆப் கிடைத்துவிட்டது. ப்ரொஃபைலுக்கு, வேறு எங்கும் போடாத படமாக எடுத்து வையுங்கள். இன்ஸ்டாகிராமில் இருக்கும் அதே படத்தை இங்கேயும் போட்டால், அதை கூகுள் லென்ஸில் போட்டு உங்கள் முழுப்பெயரையும் வேலை பார்க்கும் இடத்தையும் யாரும் எடுத்துவிடலாம். இதே வித்தையை நீங்களும் எதிராளியின் படத்தில் செய்து பாருங்கள், வேறு பெயரில் அதே முகம் வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இருப்பிடம் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ‘2 கிலோமீட்டர் தொலைவில்’ என்று காட்டுவது ஆபத்தில்லாததாகத் தெரியும், ஆனால் மூன்று இடங்களில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு உங்களுக்கான தூரத்தை ஒருவர் மூன்று முறை அளந்து, மூன்று வட்டம் போட்டால், அவை வெட்டும் இடம் உங்கள் வீடு. டிண்டரில் இப்படி ஒரு ஓட்டை இருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்டார்கள், அது அதற்குள் அடைக்கப்பட்டிருந்தது. 2024ல் வேறு சில ஆப்களிலும் இதே வகை ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஃபோன் அனுமதியில் துல்லியமான இருப்பிடத்தை அணைத்துவிட்டுத் தோராயமானதை மட்டும் கொடுங்கள்.

மோசடிக்காரரை எப்படி அடையாளம் காண்பது? படம் அழகாக இருப்பதை வைத்தெல்லாம் முடியாது. அவசரத்தைக் கவனியுங்கள். ரெண்டு நாளில் உயிர் நீதான் என்பார், மூன்றாவது நாள் வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்வார், ஏனென்றால் டேட்டிங் ஆப்பில் நாலு பேர் ரிப்போர்ட் செய்தால் அவர் கணக்கு போய்விடும். வீடியோ கால் என்றால் கேமரா உடைந்திருக்கும். வந்தாலும் திடீரென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வரச் சொல்லிப் பாருங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். ‘நீ நிஜ ஆள்தானா என்று பார்க்க ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறேன், சொல்லு’ என்றால் அது உங்கள் கணக்கைப் பறிக்கும் ஓடிபி, சொல்லவே கூடாது.

பணம் கேட்பது இப்போது ஆஸ்பத்திரிச் செலவு என்று மட்டும் வருவதில்லை. எனக்குக் கிரிப்டோவில் நல்ல வருமானம், உனக்கும் சொல்லித் தருகிறேன் என்று வரும். ஒரு தளத்தில் சின்னத் தொகை போடச் சொல்வார்கள், லாபம் ஏறுவது திரையில் தெரியும், கொஞ்சம் எடுத்துப் பார் என்பார்கள், அதுவும் நிஜமாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும். அந்தச் சின்னப் பணம்தான் தூண்டில் புழு. பெரிய தொகை போட்டு, எடுக்கப் போகும்போது வரி கட்டு, அப்புறம் எடு என்பார்கள். காதல் மோசடி என்று எஃப்டிசிக்கு 2022ல் புகார் செய்தவர்கள் ஏறக்குறைய 70,000 பேர், இழந்தது மொத்தம் 130 கோடி டாலர். நேரில் பார்க்காதவருக்குப் பணமோ கிஃப்ட் கார்டோ அனுப்பாதீர்கள், அவர் சொல்லும் இடத்தில் முதலீடும் செய்யாதீர்கள், காரணம் எதுவாக இருந்தாலும்.

அந்தரங்கப் படம் வாங்கி மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ப்ளாக் செய்து போலீசில் புகார் கொடுங்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமல் உங்கள் ஃபோனிலேயே அதற்கு ஒரு அடையாளக் குறி உருவாக்கி, அதை மட்டும் சமூக வலைத்தளங்களுக்குக் கொடுத்து அந்தப் படம் பரவாமல் தடுக்கப் பார்க்கும். ஒன்றை மறக்காதீர்கள்: ஆப்பில் அன்மேட்ச் செய்தால், அதாவது அவர் தொடர்பைத் துண்டித்தால், உரையாடலும் போய்விடும், அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட்.

முதல் சந்திப்பு ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், உங்கள் சொந்த ஏற்பாட்டில் போய் வரும்படி. நெருங்கிய ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் 8 மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். குடிக்கும் டம்ளரைக் கண் பார்வையில் வையுங்கள். கிளம்பத் தோன்றினால் காரணம் சொல்லாமலே கிளம்பலாம்.

தேடுவது முடிந்ததும் கணக்கை மூடுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் உங்கள் படம் அங்கேயே பலர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். முதலில் படங்களையும் எழுதியதையும் அழித்து, சந்தா இருந்தால் நிறுத்தி, பிறகு உள்ளே போய் டெலீட் அக்கவுண்ட் கொடுத்து, கடைசியாக ஆப்பை நீக்குங்கள். முழுசாக அழித்துத் தருகிறோம் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்: ஆஷ்லி மேடிசன் என்ற டேட்டிங் தளம் அதற்கு 19 டாலர் வாங்கியது, 2015ல் அதன் தகவல்கள் திருடுபோனபோது காசு கட்டியவர்களின் விவரங்களும் அதில் இருந்தன.