எம்டிஐல (மெடிக்கல் டிரெயினிங் இனிஷியேட்டிவ், வெளிநாட்டு டாக்டர்கள் அங்க கொஞ்ச காலம் டிரெயினிங் எடுக்கற திட்டம்) பீடியாட்ரிக் சர்ஜரிக்கு, அதாவது குழந்தைகளுக்கான ஆபரேஷன் படிப்புக்கு, இங்கிலாந்து போற நம்ம எல்லைப்பக்கத்து டாக்டர்களுக்கு

கேரளா சைடுல சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கமிருந்தும், ஆந்திரா சைடுல நகரி, புத்தூர் பக்கமிருந்தும் எம்சிஹெச் (சர்ஜரில மேல்படிப்பு) முடிச்சுட்டு ரெண்டு வருஷ டிரெயினிங்குக்குக் கிளம்பற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன். நானும் போய்ட்டு வந்து இப்போ பாலக்காட்டுப் பக்கம்தான் வேலை பாக்கறேன். எம்டிஐ விசால கிடைக்கறது அதிகபட்சம் 24 மாசம், அதுல முதல் ஆறு மாசத்த பேப்பர் வேலையிலயும் தயக்கத்துலயும் விட்டுட்டா அந்த நாள திருப்பி யாரும் தரப்போறதில்ல, அதனால வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே படிச்சு வைங்க.

முதல்ல பேப்பர். எம்டிஐல போறவங்களுக்கு பிளாப் (வெளிநாட்டு டாக்டர்களுக்கு அங்க வெக்கற பரீட்சை) எழுத வேண்டாம், அங்கத்த சர்ஜன்களோட ராயல் காலேஜ் ஸ்பான்சர் பண்ணி ஜிஎம்சி (அந்த ஊர் மெடிக்கல் கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்கும், ஆனா இங்கிலீஷ் பரீட்சை கண்டிப்பா வேணும். ஐஈஎல்டிஎஸ்னா மொத்தம் 7.5, நாலு பகுதியிலயும் 7க்குக் குறையாம. ஓஇடினா (மருத்துவத் துறைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை) நாலுலயும் பி கிரேடு. இதுல நம்ம பக்கத்து ஆளுங்க மாட்டறது பேருலயும் மெடிக்கல் கவுன்சில் பதிவுலயும்தான். எஸ்எஸ்எல்சி புக்ல இனிஷியலோட ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேர விரிச்சு இன்னொரு பேரு, டிகிரில வேற மாதிரின்னு இருக்கும், ஜிஎம்சில பாஸ்போர்ட்ல இருக்கற பேருதான் செல்லும், மத்ததெல்லாம் ஒரே ஆள்தான்னு காட்ட அஃபிடவிட் எல்லாம் முதல்லயே ரெடி பண்ணிடுங்க. அப்புறம் திருச்சூர்ல எம்பிபிஎஸ், கோயமுத்தூர்ல வேலைன்னு இருந்தவங்களுக்கு கேரளா கவுன்சில்லயும் தமிழ்நாடு கவுன்சில்லயும் பதிவு இருக்கும், கடைசி அஞ்சு வருஷத்துல எங்கெங்க பதிவு இருந்துச்சோ அதெல்லாம் சொல்லணும், நம்ம மேல புகார் ஒண்ணும் இல்லேன்னு கவுன்சில் தர்ற குட் ஸ்டேண்டிங் சர்டிபிகேட்டுக்கு மூணு மாசம்தான் ஆயுசு. சீக்கிரம் வாங்குனாலும் வீண், லேட்டா வாங்குனாலும் வீண், ஜிஎம்சி அப்ளிகேஷன் எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாத்து வாங்குங்க.

விசாவுக்கு டிபி டெஸ்ட், அங்கீகாரம் உள்ள கிளினிக்ல எடுக்கணும். ஹெல்த் சர்சார்ஜ் (விசாவோட சேத்துக் கட்டற மருத்துவக் கட்டணம்) வருஷத்துக்கு 1,035 பவுண்டு, ரெண்டு வருஷத்துக்கும் சேத்து முன்கூட்டியே கட்டணும், குடும்பத்தோட போனா ஆளுக்கு ஆள் தனியா. இந்தப் பணத்த என்ஹெச்எஸ்ல (அங்கத்த அரசு மருத்துவத் துறை) ஆறு மாசம் வேலை பாத்ததுக்கு அப்புறம் திரும்பக் கேக்கற வழி இருக்கு, போன உடனே ஹெச்ஆர்ல விசாரிச்சு வைங்க, தானா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க.

அடுத்தது சர்ஜனுக்கு ரொம்ப முக்கியம். ஆக்குபேஷனல் ஹெல்த் (வேலைக்குச் சேர்றவங்க உடம்பப் பரிசோதிக்கற பிரிவு) க்ளியரன்ஸ் வர்ற வரைக்கும் கத்திய தொட முடியாது. ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்ஐவி மூணுக்கும் ஆள் அடையாளம் பாத்து அவங்க லேப்லயே ரத்தம் எடுப்பாங்க, ஊர்ல எடுத்த ரிப்போர்ட்ட நம்பி உக்காந்துட வேண்டாம். தடுப்பூசி ரெக்கார்டு, ஹெபடைட்டிஸ் பி டைட்டர் (ரத்தத்துல எதிர்ப்பு சக்தி எவ்வளவுன்னு காட்டற அளவு), அம்மை ஊசி போட்ட ஆதாரம் எல்லாத்தையும் கைப்பையில வெச்சுட்டு, சேர்ற தேதிக்கு முன்னாடியே அப்பாயின்ட்மென்ட் கேட்டு மெயில் போடுங்க. இல்லேன்னா முதல் சில வாரம் தியேட்டர்ல ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறதுதான் வேலையா இருக்கும்.

விசா இப்போ கார்டா வராது, ஈவிசா, ஆன்லைன்ல ஷேர் கோடு (விசா விவரத்த மத்தவங்க பாக்கறதுக்கான நம்பர்) எடுத்துதான் வீட்டுக்காரருக்கும் ஹெச்ஆருக்கும் காட்டணும். பேங்க் அக்கவுன்ட்டுக்கு மான்சோ, ஸ்டார்லிங் மாதிரி ஆப் பேங்க் சீக்கிரம் ஆகும். வீட்டு டெபாசிட் சாதாரணமா அஞ்சு வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, அத 30 நாளுக்குள்ள டெபாசிட் ஸ்கீம்ல கட்டிட்டேன்னு வீட்டுக்காரங்க எழுதித் தரணும், தரலேன்னா விடாம கேளுங்க. நம்ம ஊர் லைசென்ஸ்ல 12 மாசம் ஓட்டலாம். அம்மா கட்டிக் குடுக்கற நெய்யும் உப்புக்கண்டமும் வேண்டாம், இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது, ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க. மட்டை அரிசி அங்கயே கிடைக்கும்.

எங்க கிடைக்கும்னு வார்டுல இருக்கற மலையாளி சேச்சிகளக் கேளுங்க. எந்த ஊர் ஆஸ்பத்திரி ஆனாலும் கோட்டயம், பத்தனம்திட்டா, திருச்சூர் நர்ஸ் ஒருத்தராவது இருப்பாங்க, மலையாளம் பேசற தமிழ் ஆளுங்கறது நமக்கு எல்லை குடுத்த பெரிய பாக்கியம். வாடகை வீடு, குழந்தைக்கு ஸ்கூல், எந்த கன்சல்டன்ட்டுக்கு (சீனியர் டாக்டருக்கு) எது புடிக்காதுங்கறது வரைக்கும் சொல்லித் தருவாங்க. ஆனா பேஷன்ட் முன்னாடியும் தியேட்டர்லயும் இங்கிலீஷ்தான், ஒரு வார்த்தைகூட மலையாளமோ தமிழோ வேண்டாம், பெத்தவங்களுக்குத் தன் குழந்தையப் பத்தி ஏதோ மறைச்சுப் பேசறாங்கன்னு தோணிடும்.

வார்டுக்குள்ள முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. வாட்ச், பிரேஸ்லெட், கோயில்ல கட்டுன கயிறு எல்லாம் கழட்டணும், கல் வெக்காத கல்யாண மோதிரம் மட்டும் பரவால்ல. கயித்த அறுக்க மனசு வராதவங்க போறதுக்கு முன்னாடியே வீட்டுல பேசிக் கழட்டி சாமி படத்துகிட்ட வெச்சுட்டுப் போங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல எம்சிஹெச்ல செஞ்ச கேஸ் எண்ணிக்கைய மனசுல வெச்சுட்டு அங்க போனா ஏமாற்றமா இருக்கும். ஹெர்னியா, ஏறாத விதை, அப்பென்டிக்ஸ் எல்லாம் கிடைக்கும், ஆனா பெரிய நியோநேட்டல் (பச்சைக் குழந்தை) கேஸ் கம்மி, அதையும் பங்கு போட அங்கயே டிரெயினிங்ல இருக்கறவங்க வரிசையில நிக்கறாங்க. சில நோய சில சென்டர்ல மட்டும்தான் செய்வாங்க. பிலியரி அட்ரீசியாவுக்கு (பித்தக்குழாய் அடைப்போட பொறக்கற நோய்) இங்கிலாந்துல 1999ல இருந்து லண்டன் கிங்ஸ் காலேஜ், லீட்ஸ், பர்மிங்ஹாம்னு மூணே இடம். பிளாடர் எக்ஸ்ட்ரோபிக்கு (மூத்திரப்பை வெளிய திறந்திருக்கற பிறவிக் குறை) லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட்டும் மான்செஸ்டரும் மட்டும். பிலியரி அட்ரீசியாவுக்குச் செய்யற கசாய் ஆபரேஷன் கத்துக்கணும்னு வேற ஊருக்குப் போய்ட்டு ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூடப் பாக்கலயேன்னு வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்ல, இடம் கேக்கும்போதே இத யோசிங்க.

அங்க நாம கத்துக்க வேண்டியது முடிவு எடுக்கற விதம்னு நான் உறுதியா நம்பறேன். நம்ம பக்கம் குடல் வெளிய வந்த குழந்த பொறந்ததுக்கு அப்புறம் துணி சுத்தி ஆம்புலன்ஸ்ல வாளையாறு தாண்டி கோயமுத்தூருக்கு வருது. அங்க 20 வார ஸ்கேன்லயே பெரும்பாலும் இந்த கேஸ்ட்ரோஸ்கிசிஸ் (குடல் வெளிய இருக்கற குறை) தெரிஞ்சு போகும், பிரசவம் எங்க, யார் யார் இருக்கணும், அம்மாகிட்ட சர்ஜன் என்ன பேசணும்னு எல்லாம் முன்னாடியே முடிவாயிடும். அந்த ஆன்டினேட்டல் (பிரசவத்துக்கு முன்னாடி பாக்கற) கிளினிக்ல ஓரமா ஒரு சேர் கேட்டு வாங்கி உக்காருங்க. ஆபரேஷன் லிஸ்ட் ஒண்ணு போனாலும் பரவால்ல, இத விடாதீங்க, ஏன்னா இத நம்ம ஊருக்குக் கொண்டு வர லட்சக்கணக்குல மெஷின் வேண்டாம், ஸ்கேன் பாக்கற டாக்டரும் நாமளும் போன்ல பேசிக்கற பழக்கம் வந்தாலே பாதி ஆச்சு.

முதல் வாரமே எஜுகேஷனல் சூப்பர்வைசர்கிட்ட உக்காந்து மூணாம் மாசம், ஆறாம் மாசம், வருஷ முடிவுல என்ன தனியா செய்யணும்னு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ஈலாக்புக்ல (செஞ்ச ஆபரேஷனப் பதிவு பண்ற ஆன்லைன் கணக்கு) ஒவ்வொரு கேஸையும் அன்னைக்கே ஏத்துங்க, நீங்க அசிஸ்ட் பண்ணீங்களா, சீனியர் ஸ்க்ரப் ஆகி நின்னாரா, ரூம்ல மட்டும் இருந்தாரா, தனியா செஞ்சீங்களான்னு அதுல தனித்தனி கோடு இருக்கு. மூணு மாசமா அசிஸ்ட் மட்டும்தான்னா அந்தப் பட்டியலக் காட்டிப் பேசுங்க. நம்ம பழக்கத்துல பெரியவங்ககிட்ட கேக்கத் தயக்கம் இருக்கும், அங்க கேக்காம இருந்தா இவருக்கு வேண்டாம் போலன்னு நினைச்சுடுவாங்க, மரியாதையா நேராக் கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

கன்சென்ட்ல நம்ம வழக்கம் செல்லாது. இங்க குழந்தையக் கூட்டிட்டு வந்த பாட்டி, தாய்மாமன் யாரு கையெழுத்து போட்டாலும் ஓட்டிடுவோம், அங்க பேரன்டல் ரெஸ்பான்சிபிலிட்டி (குழந்தைக்காக முடிவெடுக்கற சட்டப்படியான உரிமை) உள்ளவங்கதான் போடணும். அம்மாவுக்குத் தானா உண்டு, அப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலோ, இங்கிலாந்துல 2003 டிசம்பர் 1க்கு அப்புறம் பொறந்த குழந்தையோட பர்த் சர்டிபிகேட்ல பேர் இருந்தாலோ உண்டு. 16 வயசுக்குக் கீழ இருக்கற பையனோ பொண்ணோ விஷயத்தப் புரிஞ்சுக்கற பக்குவத்துல இருந்தா அவங்களே சம்மதம் சொல்லலாம், 1985ல வந்த கில்லிக் தீர்ப்பு. மயக்கம் குடுக்கற ரூம் வரைக்கும் அம்மா கூடவே வருவாங்க, குழந்த தூங்கற வரைக்கும் கையப் புடிச்சுட்டு நிப்பாங்க. தமிழ்க் குடும்பம் வந்தா தமிழ்ல ஆறுதலாப் பேசுங்க, கன்சென்ட்டுக்கு மட்டும் ஆஸ்பத்திரி வெச்சிருக்கற மொழிபெயர்ப்பாளரக் கூப்பிடுங்க, சொந்தக்காரங்கள வெச்சு முடிக்காதீங்க. குழந்த உடம்புல சூடு போட்ட தழும்போ, நடக்காத பச்சைக் குழந்தைக்குக் கன்றிப்போன அடையாளமோ பாத்தா சேஃப்கார்டிங் டீமுக்கு (குழந்தைங்க பாதுகாப்பப் பாத்துக்கறவங்க) சொல்லியே ஆகணும்.

ஆன்கால்ல ரொம்ப கஷ்டம் போன்தான், வேற ஆஸ்பத்திரில இருந்து கூப்பிடுவாங்க, லிவர்பூல், நியூகாசில், கிளாஸ்கோ பேச்சு ஆரம்பத்துல காதுல ஏறாது. வெக்கப்படாம திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, வயசு, எடை, வாந்தி என்ன கலரு, பிளட் கேஸ், எத்தன மணிக்கு ஆரம்பிச்சதுன்னு எழுதி நீங்க ஒருதடவ திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. பச்சை வாந்தின்னா வேற எதையும் யோசிக்காதீங்க, வால்வுலஸ் (குடல் முறுக்கு) இல்லேன்னு தெரியற வரைக்கும் எமர்ஜென்சிதான். விதை முறுக்குன பையன ஸ்கேனுக்கு அனுப்பி நேரத்தக் கழிக்க வேண்டாம். சந்தேகம்னா நடுராத்திரினாலும் கன்சல்டன்ட்ட எழுப்புங்க, எழுப்பாம விட்டதுக்குத்தான் அங்க கேள்வி வரும்.

டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், தனியாப் போனவங்களுக்கு மனசு சோர்ந்து போகும், விட்டமின் டி 10 மைக்ரோகிராம் தினம் போடுங்க, ஞாயித்துக்கிழம யாராவது வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா கண்டிப்பாப் போங்க.

கிளம்பறதுக்கு மூணு மாசம் முன்னாடியே திரும்ப பேப்பர் வேல ஆரம்பிங்க. லாக்புக் முழுசையும் பிடிஎஃப் எடுத்து சூப்பர்வைசர் கையெழுத்தோட வைங்க, நீங்க செஞ்ச ஆடிட் ரிப்போர்ட், ஜிஎம்சில இருந்து குட் ஸ்டேண்டிங், கடைசி சம்பளத்தோட பி45 (வேலைய விடும்போது தர்ற சம்பள, வரி விவரப் பேப்பர்) எல்லாம் வாங்கிக்குங்க. பென்ஷன்ல கட்டுன பணம், சர்வீஸ் ரெண்டு வருஷத்துக்குக் குறைவா இருந்தா திரும்பக் கேக்கலாம், சரியா 24 மாசம் முடிக்கறவங்க சேர்ற நாள்லயே பென்ஷன் வேணுமா வேண்டாமான்னு பேரோல்ல பேசி முடிவு பண்ணிடுங்க.