கெர்னலை ஏற்றலாம், ஆப்பை உடைக்கக் கூடாது: டிரைவர் எழுதுபவர்களுக்கு

வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் மூட்டை நிறுக்கும் 300 கிலோ தராசு, வாளையார் ரோட்டில் லாரி ஏறும் 60 டன் எடைமேடை. இரண்டுக்கும் ஒரே லினக்ஸ் போர்டும் ஒரே டிரைவரும் (தராசின் சிப்போடு பேசும் கெர்னல் நிரல்) நீங்கள் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு அடிக்கும் ஆப் உங்களுடையதல்ல. பாலக்காட்டுப் பக்கம் ஒருவர் மலையாளச் சீட்டுக்கு எழுதியிருப்பார், கோவைப் பக்கம் இன்னொருவர் தமிழுக்கு. பாதிப் பேரிடம் சோர்ஸ் கோடே இருக்காது, பைனரி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். போர்டின் கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை) 4.19இலிருந்து 6.1க்கு ஏற்றும்போது அந்த பைனரிகள் அப்படியே ஓட வேண்டும்.

லினக்ஸில் கெர்னலுக்கு உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அடுத்த வெளியீட்டில் பெயர் மாறும், ஆர்கியுமென்ட் மாறும், காணாமலே போகும். டிரைவரைத் திருத்தி எழுதும் பாடு உங்களுடையது. ஆப் தொடுகிற வெளிப்பக்கம் மட்டும் மாறக் கூடாது. சிஸ்டம் கால் (ஆப் கெர்னலைக் கூப்பிடும் வழி), ஐஆக்டில் (சாதனத்துக்குக் கமாண்ட் எண் கொடுத்து அனுப்பும் சிஸ்டம் கால்), சிஸ்எஃப்எஸ், பிராக் ஃபைல்கள் (கெர்னல் தன் தகவல்களை ஃபைல்போலக் காட்டும் இடங்கள்), திரும்பி வரும் எரர் எண், காத்திருக்கும் ஆப்பை எத்தனை தடவை எழுப்புகிறீர்கள் என்பது வரை அதில் சேர்த்தி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

ஸ்ட்ரக்சரை முதல் நாளே ஒழுங்காகப் போடுங்கள்

ஆப்புக்குப் போகும் ஸ்ட்ரக்சரில் (தரவுகளை வரிசையாகக் கட்டிய தொகுப்பில்) லாங், பாயின்டர், ஈனம் (enum), பிட்ஃபீல்டு எதுவும் வேண்டாம். யு32 (32 பிட், மைனஸ் கிடையாது), எஸ்64 (64 பிட், மைனஸும் உண்டு) போல அளவு தெரிந்த டைப் மட்டும். பாயின்டர் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் யு64ஆக வாங்கி உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள்.

எடையை எந்த அலகில் கொடுப்பது என்று இப்போதே முடிவெடுக்க வேண்டும். கிராமில் வைத்தால் 60 டன் என்பது 6 கோடி. 32 பிட்டில் தாராளமாக அடங்கும். நாளைக்கு யாராவது மில்லிகிராம் கேட்டால் அதே 60 டன் 6,000 கோடி ஆகிவிடும். பிளஸ் மைனஸ் குறியுள்ள 32 பிட்டின் உச்சம் சுமார் 214 கோடிதான். அதனால் எஸ்64.

இங்கேதான் அலைன்மென்ட் (எண் எத்தனையின் மடங்கான முகவரியில் உட்கார வேண்டும் என்ற விதி) கடிக்கும். நிலைக்கு ஒரு யு32, அடுத்து எடைக்கு ஒரு எஸ்64 என்று வைத்தால், 64 பிட் எக்ஸ்86இல் கம்பைலர் நடுவில் 4 பைட் இடைவெளி விட்டு 16 பைட் ஆக்கும். 32 பிட் எக்ஸ்86இல் இடைவெளி இல்லை, 12 பைட்தான். பழைய 32 பிட் ஆப் புது 64 பிட் கெர்னலில் ஓடும்போது எடையிருக்கும் இடத்தில் வேறெதையோ படிக்கும். 32 பிட் ஏஆர்எம்மில் எஸ்64 எட்டின் மடங்கில்தான் உட்காரும் என்பதால், ஏஆர்எம் போர்டில் மட்டும் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது. இடைவெளியை நீங்களே பெயர் வைத்து நிரப்புங்கள்:

பைட் 0–3: நிலை ஃப்ளாக், யு32
பைட் 4–7: ஒதுக்கீடு, யு32, பூஜ்யம்
பைட் 8–15: எடை, கிராமில், எஸ்64
பைட் 16–23: நேரம், நானோசெகண்டில், யு64

மொத்தம் 24 பைட். அதைக் கம்பைல் நேரத்திலேயே ஸ்டாட்டிக் அசர்ட் போட்டுப் பூட்டிவிடுங்கள். பேஹோல் கருவியை ஓட்டினால் ஓட்டை எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்று காட்டும். ஆப்புக்கு அனுப்புமுன் மொத்தத்தையும் மெம்செட்டில் பூஜ்யமாக்குங்கள். மறந்தால் கெர்னல் ஸ்டாக்கின் மிச்சசொச்சம் வெளியே கசியும். அது பாதுகாப்புக் கோளாறு.

ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே ஸ்ட்ரக்சரின் அளவு 14 பிட்டில் ஒளிந்திருக்கிறது. பின்னால் ஒரு ஃபீல்டைச் சேர்த்து 24ஐ 32 ஆக்கினால் கமாண்ட் எண்ணே மாறிவிடும். பழைய ஆப் கூப்பிடும் எண்ணை டிரைவருக்குத் தெரியாது, ஈநாட்டி (இப்படியொரு கமாண்ட் இல்லை) என்று திருப்பி அனுப்பும். பெரிதாக்கத்தான் வேண்டுமென்றால் புது எண் கொடுத்து, பழையதையும் ஸ்விட்சில் அப்படியே வைத்திருங்கள்.

சிஸ்டம் கால் பக்கம் இதற்கு இன்னும் நல்ல வழி வந்துவிட்டது. கெர்னல் 5.3இல் வந்த குளோன்3 (புது ப்ராசஸ், த்ரெட் உருவாக்குவது), 5.6இல் வந்த ஓப்பன்ஏட்2 (ஃபைல் திறப்பது) இரண்டும் ஸ்ட்ரக்சரோடு அதன் அளவையும் ஆப்பிடம் வாங்குகின்றன. ஆப் கொடுத்தது சிறியதென்றால் கெர்னல் மீதியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பெரியதென்றால், தனக்குத் தெரியாத வால் பகுதி முழுக்கப் பூஜ்யமா என்று பார்த்து, இல்லையென்றால் ஈ2பிக் (அளவு பெரிது) என்ற எரர் கொடுக்கும். இதைச் செய்யும் காப்பி_ஸ்ட்ரக்ட்_ஃப்ரம்_யூசர் 5.4இலிருந்து கெர்னலிலேயே இருக்கிறது. நீங்களாக எழுத வேண்டியதில்லை.

தெரியாத ஃப்ளாக் வந்தால் மறுத்துவிடுங்கள்

ஃபைல் திறக்கும் பழைய ஓப்பன் சிஸ்டம் கால், தெரியாத ஃப்ளாக் பிட் (ஒரு விருப்பத்தைக் குறிக்கும் பிட்) வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டது. அதனால் குப்பைப் பிட்டோடு கூப்பிடும் ஆப்களும் காலங்காலமாக ஓடின. பிறகு ஒரு பிட்டுக்குப் புது அர்த்தம் கொடுக்கப் போனால் அந்த ஆப்கள் உடையும். ஓப்பன்ஏட்2 பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் முதல் வெளியீட்டிலேயே, அறியாத பிட் இருந்தால் ஈஇன்வால் (செல்லாத ஆர்கியுமென்ட்) கொடுங்கள். ஒதுக்கீட்டு ஃபீல்டு பூஜ்யமில்லையென்றாலும் அதே. இந்தச் சோதனையில்லாத ஒதுக்கீடு வெறும் அலங்காரம்: ஆப் எழுதியவர் ஸ்ட்ரக்சரைப் பூஜ்யமாக்காமல் விட்டிருப்பார், உள்ளே குப்பை இருக்கும், அந்த இடத்தைக் கடைசிவரை பயன்படுத்த முடியாது.

ஃப்ளாக் ஆர்கியுமென்டே வைக்காமல் விடுவது இன்னும் மோசம். டூப்3, பைப்2, ஈபோல்_கிரியேட்1, இனோடிஃபை_இனிட்1 எல்லாம் 2.6.27இல் ஒரே மூச்சில் சேர்ந்தவை. பழைய வடிவங்களில் ஃப்ளாக் வாங்க இடமே இல்லை என்பதுதான் காரணம். பழையவையும் இன்றுவரை இருக்கின்றன.

நடத்தையும் வாக்குறுதிதான்

ஸ்ட்ரக்சர் மாறவில்லை, எண் மாறவில்லை, ஆனாலும் ஆப் உடையும். மூட்டைத் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை சென்சாரைப் படிக்கும் எச்எக்ஸ்711 சிப்பின் ஒரு காலில் வோல்டேஜை மாற்றினால் நொடிக்கு 10 அளவீடு 80 ஆகும். புது டிரைவரில் வேகம் கூட்டிவிட்டோம் என்று நீங்கள் சந்தோஷப்படலாம். சீட்டு ஆப்போ, தொடர்ந்து ஐந்து அளவீடு கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் எடை நிலைத்துவிட்டது என்று கணக்குப் போட்டு எழுதப்பட்டிருக்கும். முன்பு ஐந்து அளவீடு என்றால் அரை நொடி, இப்போது 62.5 மில்லிசெகண்ட். மூட்டையை இறக்குகிறவர் கையை எடுக்குமுன்பே சீட்டு வந்து விழும். ஆவணத்தில் நொடிக்கு 10 என்று நீங்கள் எங்குமே எழுதியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் ஆப் அதை நம்பித்தான் ஓடுகிறது. இயல்பு வேகம் 10ஆகவே இருக்கட்டும். 80 வேண்டுபவர் ஒரு ஃப்ளாக் போட்டுக் கேட்கட்டும்.

லினக்ஸிலேயே இதற்கு நேரான உதாரணம் உண்டு. 2020இல் வந்த 5.5இல் பைப்பின் (ஒரு நிரல் எழுத இன்னொன்று படிக்கும் குழாய்) எழுப்பும் முறையைச் சீராக்கினார்கள்: காலியாக இருந்த பைப்பில் எழுதும்போது மட்டும் படிப்பவரை எழுப்பினால் போதும் என்று. ஆண்ட்ராய்டில் பரவலாகப் புழங்கும் ஒரு தரவுத்தள நூலகம், ஒவ்வொரு முறை எழுதும்போதும் எட்ஜ் டிரிகர் ஈபோல் (புதிதாக ஏதாவது நடந்தால் மட்டும் சேதி சொல்லும் காத்திருப்பு முறை) எழுப்பும் என்று நம்பியிருந்தது. தப்பாகப் பயன்படுத்தியது நூலகம்தான். ஆனாலும் 2021இல் கெர்னல்தான் இறங்கிவந்து பழைய நடத்தைக்குத் திரும்பியது.

இன்னொன்று, 2019இல் 5.3 வெளியீட்டுக்குச் சற்று முன்பு நடந்தது. எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் ஒரு மேம்பாட்டால் பூட் நேர டிஸ்க் வேலை குறைந்தது. அதனால் ரேண்டம் எண்ணுக்கான என்ட்ரபி (கணிக்க முடியாத தன்மை) சேர்வதும் குறைந்து, ரேண்டம் எண் கேட்கும் கெட்ரேண்டமைக் கூப்பிட்ட நிரல் காத்துக்கொண்டே கிடந்து, சில மெஷின்கள் பூட் ஆகவில்லை. நல்ல மேம்பாடுதான், ஆனாலும் இறுதி வெளியீட்டுக்கு முன் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

எரர் எண்ணும் இதில்தான் சேரும். 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 (லினக்ஸ் ஆப்கள் பயன்படுத்தும் சி நூலகம்) முதலில் குளோன்3ஐக் கூப்பிட்டுப் பார்த்து, ஈநோசிஸ் (இந்த சிஸ்டம் கால் இல்லை) வந்தால் பழைய குளோனுக்குப் போகும். பழைய கன்டெய்னர் செக்காம்ப் விதிகள் (எந்த சிஸ்டம் காலை அனுமதிப்பது என்ற வடிகட்டி) ஈபெர்ம் (அனுமதியில்லை) கொடுத்தன. மாற்றுவழிக்குப் போகாமல் த்ரெட் உருவாக்குவதே தோற்றது.

சிஸ்எஃப்எஸ்

ஒரு ஃபைலுக்கு ஒரு மதிப்பு. "25400" என்று எண் மட்டும் இருக்கட்டும், "25.4 கிலோ" என்று அலகும் மொழியும் ஒட்ட வேண்டாம், அது ஆப்பின் வேலை. பல வரி கொண்ட ஃபைல் ஏற்கெனவே இருந்தால் இருக்கும் வரியைத் திருத்தாதீர்கள், புது வரி சேருங்கள். நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவில் 3.14இல் மெம்அவைலபிள் வந்தது அப்படித்தான். கெர்னல் ஆவணங்களில் ஏபிஐ (ABI) என்ற அடைவின் கீழ் ஸ்டேபிள், டெஸ்டிங், அப்சொலீட், ரிமூவ்டு என நான்கு பிரிவுகள் உண்டு. அதே அமைப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், சேர்ந்த கெர்னல் பதிப்பு, அலகு, வரம்பு எழுதிவையுங்கள்.

பழைய பைனரியை வைத்தே சோதியுங்கள்

பலரும் வழுக்குவது இங்கேதான். புது ஹெடரோடு மறுபடி கம்பைல் செய்த டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ஏனென்றால் அதற்கும் புது அளவு தெரியும். ஒவ்வொரு வெளியீட்டின்போதும் சோதனை நிரலை ஸ்டாட்டிக்காக இணைத்து, 32 பிட் ஒன்று, 64 பிட் ஒன்று என்று பைனரியாகவே ரெப்போவில் போட்டுவிடுங்கள். அதை மறுபடி கட்டக் கூடாது. புது கெர்னலை கியூஎம்யூவில் (மென்பொருளாலேயே ஆன போலிக் கணினி) ஏற்றி அத்தனை பழைய பைனரியையும் ஓட்டுங்கள். சிஸ்டம் கால்களைப் பதிவு செய்யும் எஸ்ட்ரேஸ் கருவியின் வெளியீட்டை முந்தைய கெர்னலின் வெளியீட்டோடு டிஃப் செய்யுங்கள். சரியான அழைப்பு மட்டும் போதாது. தப்பான ஃப்ளாக், குட்டையான பஃபர், இரண்டு முறை திறப்பது, படிக்கும்போது கேபிளைப் பிடுங்குவது என்று எரர் வரும் வழிகளையும் சேருங்கள்.

அப்படியும் களத்தில் உடைந்தால், முதலில் அந்தப் பேட்ச்சைத் திரும்பப் பெறுங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம், சந்தைக்கு விடிகாலையில் வண்டி வந்துவிடும். எந்தப் பேட்ச் என்று தெரியாவிட்டால் கிட் பைசெக்ட் (பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது): 1,000 பேட்ச் இருந்தாலும் சுமார் 10 பூட்டில் பிடித்துவிடலாம்.

ஆப் எழுதுபவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: கெர்னல் பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், வசதியைக் கூப்பிட்டுப் பார்த்து எரரை வைத்து முடிவெடுக்கட்டும். 2011இல் 2.6.39க்கு அடுத்து 3.0 வந்தபோது 2.6ஐத் தேடிய நிரல்கள் தடுமாறின. அவற்றுக்காகவே 2.6 என்று பொய் சொல்லும் யூநேம்26 வசதியை 3.1இல் சேர்க்க வேண்டியிருந்தது.

எடுத்துவிட வேண்டுமென்றால்

எடுக்கலாம், ஆனால் யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்த பிறகு. பழைய ஐஆக்டில் வரும் இடத்தில், கூப்பிட்ட நிரலின் பெயரோடு ஒரே ஒரு தடவை எச்சரிக்கை லாக் விழும்படி செய்யுங்கள். சர்வீசுக்குப் போகிறவர்கள் அந்த லாக்கை எடுத்துவரட்டும். அடுத்து அதை ஒரு கான்ஃபிக் ஆப்ஷனுக்குள் வைத்து, இயல்பாக ஆன் என்றே விடுங்கள். பிறகு ஆஃப். அதற்கப்புறம்தான் சோர்ஸ் கோடை நீக்குவது. சிஸ்கன்ட்ரோல் என்ற பழைய சிஸ்டம் கால் 2.6.24இலிருந்தே எச்சரிக்கை கொடுத்து, 5.5இல்தான் நீங்கியது. நடுவில் 12 ஆண்டுகள். நீக்கிய எண்ணை மட்டும் வேறெதற்கும் மறுபடி கொடுக்காதீர்கள்.

நேர ஃபீல்டை யு64 ஆக்கியது 32 பிட் டைம்_டி (1970இலிருந்து நொடிகளை எண்ணும் டைப்) 2038 ஜனவரி 19 காலை இந்திய நேரம் 8:44:07க்கு நிரம்புவதால். எடைமேடை ஒரு தடவை போட்டால் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கியூஎம்யூவில் கடிகாரத்தை அன்றைக்கு 8:44க்கு வைத்து, பழைய பைனரிகளை ஓடவிட்டு, 8:45 சீட்டில் என்ன தேதி வருகிறது என்று பாருங்கள்.