பச்சைக் கீரையை எவ்வளவு உண்ணலாம்?

கொழும்பில் மதியச் சோற்றோடு வல்லாரைச் சம்பலோ பொன்னாங்காணிச் சம்பலோ உண்பவர்கள், நல்ல உடல்நிலையில் இருந்தால், அந்த அளவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. கீரையை விட, அது வளர்ந்த நீரே கவனத்துக்குரியது. கங்குன் போன்று சதுப்பிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கீரைகளில் கிருமிகளும் ஒட்டுண்ணி முட்டைகளும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சமைத்தே உண்பது நல்லது. சம்பலுக்கான கீரையைக் கட்டவிழ்த்து, அழுகிய இலைகளை நீக்கி, ஒவ்வொரு தண்டாக ஓடும் நீரில் கழுவிய பின்னரே அரிய வேண்டும். தேசிக்காய்ப் புளி சுவைக்கு உதவுமே தவிர, கிருமிகளைக் கொல்லும் என்று நம்பக் கூடாது.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், கல் உருவாகக் காரணமாகும் ஒக்சலேற்று என்னும் பொருள் மிகுந்த பசளி, முளைக்கீரை ஆகியவற்றைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடிப்பதைத் தவிர்த்து, அவித்து நீரை வடித்து அளவாக உண்ணலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை முற்றாக விட வேண்டியதில்லை; ஆனால் கீரையிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் செயலைக் குறைப்பதால், உண்ணும் அளவைத் திடீரெனக் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன்னர் வைத்தியரிடம் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கடையில் அரிந்து வைத்த பச்சைச் சம்பல் ஏற்றதன்று. சுண்டலாக வதக்கிக் கொடுக்கலாம்.