மழையில் லைன் போனால்: ஆஃப்லைன் செயலியா, தின் கிளையண்டா?

ஆனி, ஆடியில் கூடலூர், பந்தலூர் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம். நீலகிரியில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு மரம் ரோட்டில் சாய்ந்தாலே போதும், கரண்ட் கம்பியும் ஃபைபர் கேபிளும் சேர்ந்து அறுந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதனால் இங்கே கம்ப்யூட்டர் வாங்கும் முன் விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்டர்நெட் லைன் போனால் யாருடைய வேலை நிற்கும்?

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடலாம். தின் கிளையண்ட் என்பது திரையும் கீபோர்டும் செருகிய ஒரு சின்னப் பெட்டி. புரோகிராம் ஓடுவதும் ஃபைல் சேர்வதும் சர்வர் என்ற பொதுக் கம்ப்யூட்டரில்தான். நீங்கள் அழுத்தும் எழுத்து அங்கே போய், திரையில் தெரியும் படமாகத் திரும்பி வருகிறது. ஆஃப்லைன் செயலி, கையிலிருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பதிவை எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பும்.

படி 1: வேலை நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள்

ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், பச்சைத் தேயிலை எடை போடும் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை தராசில் ஏறுகிறது, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள், சீட்டு எழுதுகிறார்கள், அடுத்த மூட்டை. கட்டி வைத்த பச்சை இலை நேரமானால் சூடேறிச் சிவந்துவிடும், காத்திருக்காது. அப்படி ஒரு கூடத்தில் வெளியூர் சர்வரோடு இணைத்த தின் கிளையண்டை வைக்கச் சொன்னது நான்தான். இரண்டு நாள் லைன் இல்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பிறகு மூன்று ராத்திரி உட்கார்ந்து ஏற்றினோம். இந்த மாதிரி இடத்துக்கு ஆஃப்லைன் செயலிதான், யோசிக்கவே வேண்டாம்.

படி 2: சர்வர் எங்கே இருக்கும் என்று கேளுங்கள்

தின் கிளையண்ட் என்றாலே இன்டர்நெட் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வர் அதே கட்டிடத்தில் இருந்தால் வேண்டாம். பள்ளியில் இருபது பழைய கம்ப்யூட்டர்கள் கிடக்கின்றனவா? எல்டிஎஸ்பி என்ற இலவச லினக்ஸ் மென்பொருளை ஒரு நல்ல கம்ப்யூட்டரில் போட்டால், மற்றவை ஹார்டு டிஸ்க் இல்லாமலே நெட்வொர்க் வழியாக பூட் ஆகும். மென்பொருளை ஒரே இடத்தில் புதுப்பித்தால் போதும். பாடங்களுக்கு கோலிப்ரி என்ற மென்பொருள், விக்கிப்பீடியாவுக்கு கிவிக்ஸ் என்ற மென்பொருள். இரண்டும் வெளி லைன் இல்லாமல் ஓடும்.

ஆனால் சர்வர் படுத்தால் இருபதும் படுக்கும். சர்வருக்கு யுபிஎஸ் வைப்பவர்கள், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். அதையும் அதே யுபிஎஸ்ஸில் செருகுங்கள். பேக்கப் டிஸ்க் வேறு அறையில் இருக்கட்டும்.

படி 3: வாங்கும் முன் சோதியுங்கள்

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஐந்து பதிவு செய்து, செயலியை மூடி, போனை அணைத்துத் திரும்பப் போடுங்கள். ஐந்தும் இருக்கின்றனவா? சரி, இப்போது நெட்டைத் திறந்து, சர்வருக்கு ஐந்து மட்டுமே போயிற்றா, பத்தாகிவிட்டதா என்று எண்ணுங்கள். பிரவுசரில் ஓடும் செயலியானால் நெட் இல்லாதபோதே பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள். சில அங்கேயே காலியாகிவிடும்.

படி 4: ஒரே பதிவை இருவர் திருத்தினால்?

பல செயலிகளில் கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிடும். காசு சம்பந்தப்பட்ட கணக்கில் இது பெரிய ஆபத்து. ஒவ்வொரு போனுக்கும் தனிச் சீட்டு வரிசை கொடுங்கள்: அ-1, அ-2, ஆ-1, ஆ-2. தப்பை அழித்து எழுதாமல், திருத்தத்தைப் புது வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

போன் தொலைந்தால் அனுப்பாத பதிவும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தின் கிளையண்டில் அந்தப் பயம் இல்லை.

இப்போது அந்தக் கூடத்தில் எடை மட்டும் போனில். பட்டுவாடாக் கணக்கு ஆபீஸில், உள்ளேயே இருக்கும் சர்வரில் தின் கிளையண்ட் வழியாக. சாயங்காலம் கடைசி மூட்டை வண்டி ஏறியதும் போனை ஆபீஸ் வைஃபையில் சேர்த்து, ‘அனுப்பாதவை 0’ என்று வருகிறதா என்று பார்த்த பிறகே கூடத்தைப் பூட்டுகிறார்கள்.