வாய்மொழி உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவருவது எப்படி?
மத்திய அரசு அலுவலகமொன்றில், இன்னும் முடிக்கப்படாத வேலைக்கான பில்லில் கையெழுத்திடுமாறு மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னால், அவருடன் வாதிடுவதைவிட அந்த உத்தரவை எழுத்துக்குக் கொண்டுவருவதே முதல் வேலை. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 3ஆம் விதி, வாய்மொழி உத்தரவு பெற்றவர் இயன்ற விரைவில் எழுத்துப்பூர்வ உறுதி கேட்க வேண்டும் என்றும், அதைத் தருவது மேலதிகாரியின் கடமை என்றும் கூறுகிறது. ஆகவே அன்றே, "தாங்கள் இன்று வாய்மொழியாக இட்ட உத்தரவை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று கோப்பில் குறிப்பெழுதி, வேலை முடியவில்லை என்பதையும் பதிந்து, தேதியிட்டு அனுப்புங்கள். தன் கையெழுத்து விழ வேண்டும் என்றதும் பின்வாங்கும் அதிகாரிகள் உண்டு. வாய்மொழி உத்தரவுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2013இல், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. எழுத்தில் வந்த பிறகும் உத்தரவு சட்டவிரோதமாகவே இருந்தால், காரணத்தை எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.