குதிரைக்கு ரெய்கி: கை வைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

உள்ளங்கையை வைத்து ஆற்றலைப் பாய்ச்சிக் குணமாக்குவதாகச் சொல்லும் முறைதான் ரெய்கி. 1922ல் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கியது, மனிதர்களுக்காக. அப்புறம் நாய், பூனை என்று போய், இன்றைக்கு மேற்கு நாடுகளில் குதிரை லாயங்களுக்குள்ளும் வந்துவிட்டது. நொண்டும் குதிரை, அறுவை முடிந்த குதிரை, தீனி எடுக்காத குதிரை என்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒருவர் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையிலிருந்து ஆற்றல் பாய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ரெய்கிக்குப் பங்காளி மாதிரி ‘சிகிச்சைத் தொடுகை’ என்று ஒரு முறை உண்டு; உடலுக்கு மேலே கையைக் கொண்டுபோய் அதன் ஆற்றலை உணர்வதாகச் சொல்வார்கள். அதைச் செய்கிற 21 பேரை எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி, ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்காகச் சோதித்தாள். தடுப்புக்குப் பின்னால் அவர்கள் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். சிறுமியின் கை அவர்களுடைய எந்தக் கையின் மேல் இருக்கிறது என்று உணர்ந்து சொல்ல வேண்டும். 280 தடவையில் 123 தடவைதான் சரி. காசைச் சுண்டிப் போட்டே சொல்லியிருக்கலாம். 1998ல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது.

அதற்காகத் தொடுவதில் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும் இடம் ஒன்று உண்டு: பிடரிமயிர் முடிந்து தோள்மேடு தொடங்குகிற இடம். அங்கே தேய்த்துக் கொடுத்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993ல் பிரான்சின் கமார்க் குதிரைகளில் அளந்து காட்டினார்கள். ஆக, கை பட்டதும் குதிரை தலையைத் தாழ்த்தி அமைதியாவது பொய் இல்லை. சிக்கலே அந்த அமைதியால்தான் வருகிறது.

குதிரை, வேட்டையாடப்படும் இனம். காட்டில் வலியைக் காட்டிக்கொண்டது இரையாகிவிடும். அதனால் வெளிப்பார்வைக்குச் சும்மா நிற்பதில் அது கெட்டிக்காரி. ‘பாருங்கள், எப்படி அடங்கிவிட்டது, குணமாகிறது’ என்று சொல்வதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்த் தவறு. வயிற்றுவலியில் இது உயிரையே வாங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போய் இரைப்பை கிழிந்தால், அதுவரை தரையைக் கீறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, உருண்டு புரண்ட குதிரை சட்டென்று வலி விட்டதுபோல நிற்கும். கை வைத்தவர் முகத்தில் சிரிப்பு வரும். குதிரைக்கு அதன் பிறகு சில மணி நேரம்தான்.

அதனால் கைக்கு முன்னால் தெர்மாமீட்டர். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. வயிற்றுவலி என்றாலே டாக்டருக்குப் போன் போடுங்கள்; துடிப்பு 60ஐயும் தாண்டினால் அங்கே ரெய்கிக்கு வேலையே இல்லை. முகத்தையும் படிக்கப் பழகலாம். பின்னால் விறைத்த காது, சுருங்கிய கண், இறுகிய தாடைத் தசை, இழுத்துப் பிடித்த மூக்குத்துவாரம் என்று வலிக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை 2014ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கொட்டாவி விட்டால் ‘ஆற்றல் வெளியேறுகிறது’ என்பார்கள். தளர்ந்தாலும் கொட்டாவி வரும்; திரும்பத் திரும்ப வந்தால் வயிற்றிலோ கல்லீரலிலோ கோளாறாகவும் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு லாயத்தில் நடந்தது. ஒரு பெட்டைக் குதிரை திடீரென்று முன்னங்காலை ஊன்றவில்லை. கை வைக்க வந்தவர் குளம்பைப் பிடித்துக்கொண்டு, ‘கை சுடுகிறது, குதிரை ஆற்றலை நன்றாக இழுக்கிறது’ என்றார். கால் மணி நேரம் போயிற்று. லாடம் அடிக்கிறவர் வந்து ஒன்றும் பேசவில்லை. குனிந்து, கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தார். அப்புறம் நல்ல காலில் வைத்தார். கெட்ட காலில் நாடி சுத்தியல் மாதிரி அடித்தது. கத்தியால் அடிக்குளம்பை மெல்லச் சீவியதும் சாம்பல் கலந்த கறுப்பில் நாற்றச் சீழ் வடிந்தது. கை சுட்டது சீழால். சூடு தெரிந்தால் அதே இடத்தை மறுபக்கக் காலில் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது அழற்சியாக இருக்கலாம். தசைநாண் புதிதாக வீங்கியிருந்தால் அதற்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். வெதுவெதுப்பான உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

குளம்பில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கிவிட்டுக் கை வைக்க வேண்டாம். முடிந்தால் எக்ஸ்ரே எடுக்கும் வரை அது அங்கேயே இருக்கட்டும். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். டெட்டனஸ் குதிரையை மிக எளிதில் பிடிக்கும் நோய், ஊசி போட்டது எப்போது என்றும் கேளுங்கள்.

அடுத்தது கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. மனிதருக்கு ரெய்கி கொடுக்கும்போது சரி; இங்கே எதிரில் நிற்பது ஐந்நூறு கிலோ. ஒரு ஈ கடித்தால் போதும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கம் நில்லுங்கள், கீழே உட்காராதீர்கள், குனிந்தால் உடனே எழும்படி குனியுங்கள். தலைக்கயிற்றைக் கட்டிப்போட்டுக் கை வைப்பது இன்னும் மோசம். விலகிப் போனால் வேண்டாம் என்று சொல்கிறது; துரத்திப் போய் வைக்காதீர்கள்.

‘முதலில் கொஞ்சம் அதிகமாகித்தான் அப்புறம் குறையும்’ என்ற பேச்சை நான் அறவே ஒதுக்கச் சொல்வேன். அதிகமானால் அதிகமாகிறது என்றுதான் அர்த்தம். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வதும் இதே வகைதான். பிரிட்டனில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி விலங்குக்கு நோய் என்னவென்று சொல்வதும் சிகிச்சை தருவதும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. பொறுப்பானவர்கள் ‘டாக்டர் பார்த்தாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் லாயத்துக்குள் கால் வைப்பார்கள். போட்டோவை வைத்துத் தூரத்திலிருந்தே ஆற்றலை அனுப்புவதாகச் சொல்கிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. தாடைக்கு அடியில் கட்டி வந்து சீழ் பிடிக்கும் ‘ஸ்ட்ராங்கில்ஸ்’ என்ற தொற்று, தண்ணீர்த்தொட்டி, வாளி, தலைக்கயிறு வழியாகப் பரவுவது போலவே மனிதர் கை வழியாகவும் பரவும். படர்தாமரையும் அப்படித்தான். ஒரே நாளில் நான்கு லாயம் சுற்றுகிறவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றி, பூட்ஸ் அடியைத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த குதிரையிடம் போக வேண்டும்.